15 வயது மாணவி, 1500 மீட்டர் 5:04: குறுவட்டத்திலிருந்து தேசிய ஜூனியர் வரை எப்படிக் கொண்டுபோவது?

மண்தடம் (கேள்வி)

வணக்கம். நான் பயிற்சி தரும் அரசுப் பள்ளி மாணவி, பத்தாம் வகுப்பு. வரும் நவம்பரில் 16 நிறைகிறது. ஓட ஆரம்பித்து இரண்டு வருடம். 800 மீட்டர் 2:26, 1500 மீட்டர் 5:04, 3000 மீட்டர் 11:10. பயிற்சி 200 மீட்டர் மண் மைதானத்தில், வாரம் ஐந்து நாள், மொத்தம் 25 கிலோமீட்டர் வரும். 5:04 மட்டும் சிந்தெடிக் ட்ராக்கில் ஓடியது. அதன் ஸ்ப்ளிட் (பகுதிவாரி நேரம்): முதல் 300 மீட்டர் 54 வினாடி, அடுத்த மூன்று சுற்றுகள் 80, 87, 83.

என் கேள்விகள். கென்யாவின் ஃபெய்த் கிப்யேகன் 16 வயதில் உலக ஜூனியர் கிராஸ் கன்ட்ரியில் (ட்ராக்கில் அல்லாமல் மேடு பள்ள நிலத்தில் ஓடும் பந்தயம்) நாலாவது, 17-ல் தங்கம். அப்படி ஓர் ஏற்றத்துக்கு இந்த வயதில் எவ்வளவு கிலோமீட்டர் ஓட வேண்டும்? ஞாயிறுதோறும் நடக்கும் 10 கிலோமீட்டர் பரிசுத்தொகை ஓட்டங்களில் இறக்கச் சொல்கிறார்கள், சரியா? எந்தத் தூரத்தை முதன்மையாக வைப்பது? கடைசியாக, கடந்த ஒன்றரை மாதமாகச் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறாள். பயிற்சி கூடவில்லை, ஆனால் அதே 3 கிலோமீட்டருக்கு நேரம் அதிகமாகிறது. எங்கிருந்து பார்ப்பது?


நாலாம்சுற்று

சார், கடைசிக் கேள்விக்கு மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். அதுவரை கடினமான பயிற்சி எதையும் கொடுக்காதீர்கள், மெதுவான ஓட்டம் மட்டும் போதும். மற்றதற்கு வருகிறேன்.

கிப்யேகனின் வரிசையைப் பெரும்பாலும் பாதியோடு நிறுத்திவிட்டுத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். முழுசாகப் பாருங்கள். 1994 ஜனவரியில் பிறந்தவர். 2010-ல் போலந்து, பிட்கோஷ் நகரில் உலக கிராஸ் கன்ட்ரி, ஜூனியர் பிரிவில் நாலாவது. 2011 மார்ச்சில் ஸ்பெயினின் புந்தா உம்ப்ரியாவில் வெறுங்காலோடு ஓடித் தங்கம். அதே வருடம் பிரான்சின் லீல் நகரில் உலக யூத் 1500 தங்கம், 4:09.48. 2012-ல் பார்சிலோனாவில் உலக ஜூனியர் 1500 தங்கம், 4:04.96. இந்த இடத்தில்தான் கதையை நிறுத்துகிறார்கள். அடுத்த மாதமே லண்டன் ஒலிம்பிக்கில் அவர் முதல் சுற்றோடு வெளியேறினார். 2013-ல் தோஹாவில் 3:56.98 ஓடினார், ஆனால் மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் ஐந்தாவது. 2015 பெய்ஜிங்கில் வெள்ளி. 2016 ரியோவில் ஒலிம்பிக் தங்கம். அந்த வருடம் அவருடைய சிறந்த நேரம் 3:56.41. அதாவது மூன்று வருடத்தில் நேரம் குறைந்தது வெறும் 0.57 வினாடி, இடம் மட்டும் ஐந்திலிருந்து ஒன்றுக்கு வந்தது.

இன்னொன்று. ரியோ இறுதிப் போட்டியில் அவர் தங்கம் வென்ற நேரம் 4:08.92. 17 வயதில் லீலில் ஓடியதைவிட அரை வினாடிதான் வேகம். முதல் பாதி மிக மெதுவாகப் போன பந்தயம் அது, கடைசி இரண்டு சுற்றில் யார் வேகம் மாற்றினார்களோ அவர்களுக்குப் பதக்கம். பெரிய மேடையில் 1500 பெரும்பாலும் இப்படித்தான் முடிவாகிறது. ஆகவே 15, 16 வயதில் பிள்ளைக்குச் சேர்த்துவைக்க வேண்டியது இரண்டு: வருடா வருடம் கொஞ்சமாக ஏறும் ஓட்ட அடித்தளம், கூடவே குறையாமல் காக்கப்படும் 200, 400 மீட்டர் வேகம். இரண்டாவதைத்தான் நம் ஊரில் கைவிடுகிறோம். தூர ஓட்டக்காரர் என்று முத்திரை விழுந்ததும் மெதுவான கிலோமீட்டர்தான் கூடுகிறது. 19 வயதில் கடைசி 300 மீட்டரில் கால் வேகம் மாறவே மாறாது.

ஞாயிறு 10 கிலோமீட்டருக்கு என் பதில்: வேண்டாம். தார்ச்சாலை, காலை ஏழு மணி வெயில், பரிசுக்காக முழு மூச்சோடு 40, 45 நிமிடம். அதிலிருந்து உடம்பு மீளவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அடுத்த ஞாயிறு மறுபடி. நடுவில் தரமான பயிற்சி ஒன்றுகூட நடக்காது. போட்டி இல்லாத மாதங்களில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ 5 கிலோமீட்டர் ஓடலாம், அவ்வளவே. வீட்டில் அந்தப் பரிசுத்தொகை தேவைப்படுகிறது என்றால் அதைப் பெற்றோரோடு உட்கார்ந்து பேசி, விளையாட்டு விடுதி, உதவித்தொகை வழிகளைப் பாருங்கள். பிள்ளையின் காலை வைத்து அந்தக் கணக்கைச் சரிக்கட்டக் கூடாது.

முதன்மைத் தூரம் 1500. 800-ம் 3000-ம் பக்கத்துணை. 5000-க்கு 18 வயதுக்கு மேல் போகலாம், அவசரமே இல்லை.

கிலோமீட்டர்: இப்போது 25. ஒன்பது மாதத்தில் 38 அல்லது 40-க்குக் கொண்டுபோங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் கூட்டினால் போதும். நாலாவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட வேண்டும். கூட்டும் வாரத்தில் வேகப் பயிற்சியின் அளவைக் கூட்டக் கூடாது. இரண்டையும் ஒரே வாரத்தில் ஏற்றியதால்தான் பாதிப் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே வலி வருகிறது.

வாரத்தின் வடிவம் இப்படி. திங்கள் 6 கிலோமீட்டர் சுலப ஓட்டம், கிலோமீட்டருக்கு 5:30 முதல் 6:00. ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், முடியாவிட்டால் வேகம் அதிகம். முடிவில் 80 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ் (வேகத்தைப் படிப்படியாகக் கூட்டும் குறு ஓட்டம்) ஆறு, ஒவ்வொன்றுக்கும் இடையில் நடந்து திரும்புவது. செவ்வாய் டெம்போ (சற்றுக் கடினமான, சீரான வேக ஓட்டம்): 6 நிமிடம் மூன்று முறை, நடுவில் 90 வினாடி ஜாக். அவளுடைய 3000 நேரத்துக்கு டெம்போ வேகம் கிலோமீட்டருக்கு 4:10 முதல் 4:20. உங்கள் 200 மீட்டர் மைதானத்தில் சுற்றுக்கு 50 முதல் 52 வினாடி. 48-ல் வந்தால் நிறுத்தி மெதுவாக்குங்கள், அது டெம்போ இல்லை, பந்தயம். புதன் ஓய்வு. வியாழன் 1500 வேகம்: 200 மீட்டர் பத்து முறை, ஒவ்வொன்றும் 40 வினாடி, நடுவில் 200 மீட்டர் ஜாக். ஆறு வாரம் கழித்து 300 மீட்டர் ஐந்து முறை, 60 வினாடியில், நடுவில் மூன்று நிமிடம். வெள்ளி லேசாக 5 கிலோமீட்டர். சனி நீள ஓட்டம், 8-ல் தொடங்கி 11 வரை, கண்மாய்க் கரை, ஏரிக்கரை மாதிரி மண் பாதையில். ஞாயிறு முழு ஓய்வு.

போட்டி இல்லாத மாதங்களில் வியாழனுக்குப் பதில் மேடு ஏறுதல்: 30 வினாடி எட்டு முறை, இறங்குவது நடந்து. மேடு கிடைக்காத ஊரில் ஏரிக்கரைச் சரிவே போதும். வாரம் இரண்டு நாள் 20 நிமிடம் வலு: ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துதல், காலுக்கு 15 முறையில் தொடங்கி 25 வரை, ஸ்குவாட், பிளாங்க், கயிறு தாண்டுதல். குதிகால் உயர்த்துவதை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள்.

அந்த ஸ்ப்ளிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 5:04-க்குச் சீரான வேகம் சுற்றுக்கு 81, முதல் 300 மீட்டருக்கு 61. அவள் 54-ல் போயிருக்கிறாள். அது 4:30 ஓடுபவரின் வேகம். மூன்றாவது சுற்றில் 87 ஆனது பலமின்மையால் அல்ல. ஏழு வினாடி முன்கூட்டியே செலவழித்த ஆக்சிஜன் கடனை அங்கே கட்டியிருக்கிறாள். அடுத்த பந்தயத்துக்கு அவள் மனப்பாடம் செய்ய வேண்டியவை: 300-ல் 60, 700-ல் 2:20, 1100-ல் 3:40. முடிவில் 5:00. முடிவுக்கோட்டைத் தாண்டும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல அங்கே ஒருவர் நிற்கட்டும். 300-ல் 56 என்று வந்தால் "மெதுவா" என்று கத்துவதைவிட "தோளை இறக்கு" என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.


இரும்புச்சத்து

மாஸ்டர், சோர்வைப் பற்றி. பயிற்சி கூடாமல் நேரம் மட்டும் கெடுகிறது என்றால் முதலில் ரத்தம் பாருங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு "12 இருக்கு, நார்மல்" என்று அனுப்பிவிடுவார்கள். ஃபெரிட்டின் என்று தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். உடம்பின் இரும்புச் சேமிப்பு அதில்தான் தெரியும். சேமிப்பு தீர்ந்து வெகுநாள் கழித்துத்தான் ஹீமோகுளோபின் இறங்கும். ஃபெரிட்டின் 15-க்குக் கீழே என்றால் குறைபாடு உறுதி. தூரம் ஓடும் பெண் பிள்ளைக்கு 30-க்குக் கீழே இருந்தாலே விளையாட்டு மருத்துவர்கள் சிகிச்சையை யோசிப்பார்கள். காய்ச்சல், சளி இருக்கும்போதும் கடும் பயிற்சிக்கு மறுநாளும் எடுக்காதீர்கள், எண் பொய்யாக ஏறிக் காட்டும்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரை, குறைபாடு வராமல் தடுப்பதற்கான அளவு. வந்த பிறகு அது போதாது, மருத்துவர் எழுதித் தர வேண்டும். மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு அல்லது நெல்லிக்காயோடு எடுத்தால் நன்றாகச் சேரும். டீ, காபி, பால் இவற்றுக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் இடைவெளி வேண்டும். நம் வீடுகளில் விடிகாலைப் பயிற்சி முடிந்ததும் கையில் டீ டம்ளர்தான் இருக்கிறது, அதை முதலில் மாற்றுங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனை. மாத்திரை ஆரம்பித்த ஒரு வாரத்தில் பலன் தெரியாது, அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

கூடவே ஒன்று. மண் மைதானத்தில் வெறுங்காலோடு ஓடுகிறாளா? கொக்கிப்புழு பாதத்தோல் வழியாகத்தான் உள்ளே போகும், குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும். என்ன இரும்பு கொடுத்தாலும் ஓட்டைப் பானையில் ஊற்றியது போலத்தான். குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.

மாதவிடாய் பற்றிக் கேட்க உங்களுக்குத் தயக்கம் இருந்தால் ஓர் ஆசிரியை மூலம் கேளுங்கள், ஆனால் கட்டாயம் கேளுங்கள். 15 வயது முடிந்தும் தொடங்கவில்லை, அல்லது மூன்று மாதம் தொடர்ந்து நின்றுபோனது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்லும் முதல் தகவல் அது. "பயிற்சி எடுத்தா அப்படித்தான்" என்று விடுவது தவறு. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு இளைக்கும். எலும்பு வலுவைச் சேர்க்கும் வயதும் இதுதான், பிறகு சேர்க்க முடியாது. அதிக ரத்தப்போக்கு இருந்தால் அதையும் சொல்லுங்கள், இரும்பு அங்கேயும் போகும்.

முழங்காலுக்குக் கீழே வலி வந்தால் இப்படிப் பிரித்துப் பாருங்கள். கணுக்காலுக்கு மேலே உள்பக்கமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓட ஓடக் குறைந்தால், ஓட்டத்தைக் குறைத்து குதிகால் பயிற்சி செய்தால் சரியாகும். ஒரே இடத்தில், விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்கும்போது சுரீர் என்றால், இரவில் படுக்கும்போதும் வலித்தால் அன்றே ஓட்டம் நிறுத்தம். எலும்பில் கீறல் விழ ஆரம்பித்திருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரே சுத்தம் என்று நம்பி ஓடவிட்டால் கீறல் முறிவாகிவிடும். எம்ஆர்ஐ எடுத்தால் தெரிந்துவிடும்.

சாப்பாடு: பயிற்சி முடிந்து அரை மணிக்குள் இரண்டு வாழைப்பழமும் வேகவைத்த முட்டையும், இல்லையென்றால் கடலை மிட்டாயும் பாலும். வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போய் மதிய உணவு வரை காத்திருப்பதுதான் பல பிள்ளைகளின் நிலை. அன்றாடம் கேழ்வரகு, வாரம் இரண்டு நாள் நெத்திலி. ஈரல், ரத்தப் பொரியல் சாப்பிடும் வீடு என்றால் இரும்புக்கு அதற்கு இணை கிடையாது. முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் கீரையின் இரும்பில் சிறு பங்குதான் உடம்பில் சேரும். அதை மட்டும் நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். எடையைக் குறைக்கச் சொல்லி யாரும் அவளிடம் பேசவே கூடாது. இந்த வயதில் இடுப்பும் தொடையும் விரிந்து ஒரு வருடம் நேரம் அப்படியே நிற்பது இயல்பு. பட்டினி போட்டால் ஒரு பருவத்துக்கு நேரம் இறங்கும், அடுத்த பருவத்தில் எலும்பு உடையும்.


மண்தடம்

டாக்டர், சார், இருவருக்கும் மிக்க நன்றி. ஃபெரிட்டின் எடுக்க இந்த வாரமே ஏற்பாடு செய்கிறேன். இன்னும் மூன்று சந்தேகம். மே மாதம் ஊட்டியில் பத்து நாள் முகாம் வைத்தால் பலன் உண்டா? நார்வே ஓட்டக்காரர் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் குடும்பத்தினர் செய்யும், ஒரே நாளில் காலை மாலை இரண்டு த்ரெஷோல்டு பயிற்சி (கடினம், ஆனால் பந்தய வேகத்துக்குப் போகாமல் கட்டுப்படுத்திய ஓட்டம்) இவளுக்குப் பொருந்துமா? யு-18-ல் (18 வயதுக்குட்பட்டோர்) 2000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் (தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் பந்தயம்) ஆள் குறைவு, அதில் பதக்கம் எளிது என்கிறார்கள், உண்மையா?


நாலாம்சுற்று

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ரத்தத்தில் மாற்றம் வர மூன்று வாரமாவது இருக்க வேண்டும். பத்து நாள் என்றால் முதல் ஐந்து நாள் உடம்பு பழகுவதிலேயே போய்விடும். ஃபெரிட்டின் குறைவாக இருக்கும்போது மலைக்குப் போனால் புதுச் சிவப்பணு உண்டாக்கச் சரக்கே இருக்காது, இன்னும் சோர்ந்து இறங்குவாள். மே மாத வெயிலிலிருந்து தப்பிக்க, நல்ல பாதையில் ஓட என்று போனால் போகலாம். கென்யப் பிள்ளைகள் 2,000 மீட்டருக்கு மேல் பிறந்து வளர்வதோடு இதை ஒப்பிட வேண்டாம்.

இங்கெப்ரிக்ட்சன்: அந்த முறையின் உயிரே விரல் நுனியில் ரத்தம் எடுத்து லாக்டேட் (கடும் ஓட்டத்தில் ரத்தத்தில் கூடும் பொருள்) அளந்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில் இருக்கிறது. அளக்கும் கருவி இல்லாமல் செய்தால் இரண்டு வேளையும் பந்தயமாகிவிடும். வாரம் 25 கிலோமீட்டர் ஓடும் பிள்ளைக்கு அது பல வருடம் தள்ளி யோசிக்க வேண்டிய விஷயம். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. 2017-ல் இத்தாலியின் க்ரோஸ்செட்டோவில் ஐரோப்பிய யு-20, 5000-லும் ஸ்டீபிள்சேஸிலும் தங்கம், 1500-ல் விழுந்து எட்டாவது. 2018 ஜூலையில் ஃபின்லாந்தின் தாம்பெரேயில் உலக யு-20, 1500-ல் வெள்ளி, 5000-ல் வெண்கலம். அடுத்த மாதம் பெர்லினில் 17 வயதில், பெரியவர்களுக்கான ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் அடுத்தடுத்த நாளில் 1500, 5000 இரண்டிலும் தங்கம். உலக ஜூனியர் தங்கமே இல்லாமல் பெரியவர்களை வென்றவர். கிராஸ் கன்ட்ரியில் மட்டும் 2016 முதல் 2019 வரை ஐரோப்பிய யு-20 பட்டத்தை நாலு முறை தொடர்ந்து வாங்கினார். கிப்யேகனும் கிராஸ் கன்ட்ரியிலிருந்துதான் வந்தார். நம் பள்ளிகளில் யாரும் கண்டுகொள்ளாத போட்டி அது. தேசிய கிராஸ் கன்ட்ரியில் யு-16 பெண்களுக்கு 2 கிலோமீட்டர், யு-18-க்கு 4, யு-20-க்கு 6. மேடு பள்ளத்தில் ஓடும் வலுவும் தள்ளுமுள்ளுவில் இடம் பிடிக்கும் பழக்கமும் அங்கே கிடைக்கும். கட்டாயம் அனுப்புங்கள்.

ஸ்டீபிள்சேஸ்: பதக்கம் எளிது என்பதற்காக இப்போதே அதில் நிறுத்துவதை நான் ஏற்க மாட்டேன். இந்திய ஸ்டீபிள்சேஸ் வீரர் அவினாஷ் சாப்ளே ராணுவத்தில் சேர்ந்த பிறகு, இருபது வயதைக் கடந்துதான் அதற்கு மாறினார். ஓட்ட அடித்தளம் இருந்தால் தடையைப் பிறகு கற்கலாம்.


தடை76

மேலே சொன்னதில் கடைசிப் பத்தியோடு மட்டும் எனக்கு மாறுபாடு. பந்தயத்தில் இறக்க வேண்டாம் என்பது சரி. ஆனால் தடை தாண்டும் திறமையை 15 வயதிலேயே விதைக்க வேண்டும். இருபதில் பயம் வந்துவிடுகிறது, நீர்த்தடைக்கு முன் கால் குறுகி வேகம் செத்துவிடும்.

பெண்கள் தடையின் உயரம் 76.2 சென்டிமீட்டர். ஹர்டில்ஸ் மாதிரி தட்டினால் விழாது, 80 முதல் 100 கிலோ எடை. தட்டுபவர்தான் விழுவார். அதனால் சாதாரண ஹர்டிலை அந்த உயரத்தில் வைத்து, 30 மீட்டர் இடைவெளியில் நாலு தடை, வாரம் ஒருநாள், சுலப ஓட்டத்துக்குப் பின் 15 நிமிடம். இடது காலால் பாதி, வலது காலால் பாதி. இதுதான் முக்கியம், ஏனென்றால் பந்தயத்தில் அடி அளந்து வர முடியாது, எந்தக் கால் வந்தாலும் தாண்ட வேண்டும். கைவைத்து ஏறுவது, தடைக்கு முன் நின்று குதிப்பது இரண்டையும் அனுமதிக்காதீர்கள். நீர்க்குழி இல்லாத ஊரில் நீளம் தாண்டும் மணல்குழி முன் ஒரு உறுதியான பெட்டியை வைத்து, மேலே ஒரு கால் வைத்துத் தள்ளி மணலில் ஒற்றைக் காலில் இறங்கச் செய்யலாம்.

2000 மீட்டரில் 18 தடை, 5 நீர்த்தடை. 3000-ல் 28, 7. ஒரு வருடம் இப்படிப் பழகிவிட்டு, 1500 நேரம் 4:45-க்கு வந்தபின் ஒரு பந்தயம் ஓடிப் பார்க்கட்டும். இந்திய வீராங்கனை பாருல் சௌத்ரி 3000, 5000 ஓடிக்கொண்டிருந்தவர்தான். 2023 ஹாங்சோவ் ஆசிய விளையாட்டில் ஸ்டீபிள்சேஸ் வெள்ளியும் 5000 தங்கமும் வாங்கினார். ஒன்று இன்னொன்றைக் கெடுக்காது.


கோட்டுநடுவர்

காகித வேலையையும் விதிகளையும் நான் சொல்லிவிடுகிறேன். திறமையிருந்தும் பிள்ளைகள் வெளியே நிற்பது இங்கேதான்.

வயதுக் கணக்கு இரண்டு விதம். பள்ளிப் போட்டியில் 14, 17, 19. இந்த வருடம் அவள் 17-க்குட்பட்டோர் பிரிவு, அடுத்த வருடமே 19-க்குப் போய்விடுவாள். ஆகவே குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று 17 பிரிவில் போக இந்த ஒரு வருடம்தான். இந்தியத் தடகளக் கூட்டமைப்பு நடத்தும் போட்டியில் உலகத் தடகள விதிப்படி டிசம்பர் 31 அன்று நிறைந்திருக்கும் வயதே கணக்கு: 16, 17 என்றால் யு-18. அதில் அவளுக்கு இந்த வருடமும் அடுத்த வருடமும் உண்டு. உலக யு-20-க்கு டிசம்பர் 31 அன்று 16 நிறைந்திருந்தால் போதும், தகுதி நேரம் எட்ட வேண்டும். இந்தியத் தடகளக் கூட்டமைப்பு ஒவ்வொரு போட்டிக்கும் சுற்றறிக்கையில் எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் இடையில் பிறந்தவர்கள் என்று அச்சிடும். அதைத்தான் பார்க்க வேண்டும், வாட்ஸ்அப்பில் வருவதை அல்ல.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரின் எழுத்தும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். கூட்டமைப்பின் தனி அடையாள எண்ணை இப்போதே பதிவு செய்துவிடுங்கள், நுழைவுக்குக் கடைசி நாளில் அது நடக்காது. மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பதும் உண்டு. உண்மையான வயதென்றால் பயப்பட ஒன்றுமில்லை, பிள்ளைக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

பள்ளிப் போட்டிகளில் 800, 1500, 3000 மூன்றும் ஒன்றிரண்டு நாளுக்குள் முடிந்துவிடும். மூன்றிலும் பெயர் கொடுத்தால் மூன்றாவதில் சாம்பலாகிவிடுவாள். அட்டவணையைப் பார்த்து 1500-ம் இன்னொன்றும் என்று நிறுத்துங்கள்.

ஓட்டத்தில்: 1500-க்கு "ஆன் யுவர் மார்க்ஸ்", பிறகு நேராகத் துப்பாக்கிதான். நடுவில் "செட்" கிடையாது. அதை எதிர்பார்த்துக் குனிந்து நிற்கும் பிள்ளை ஒரு வினாடி பிந்துவாள். வளைவில் இரண்டாம் பாதையில் ஓடினால் ஒவ்வொரு வளைவுக்கும் 3.8 மீட்டர் கூடுதல். முந்துவதை நேர்ப்பகுதிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உள்விளிம்பில் கவனம் வேண்டும். புதுக்கோட்டை லக்ஷ்மணன் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், உள்பக்கம் கால் வைத்ததற்காக வெண்கலம் பறிபோனது. இப்போது வளைவில் ஒருமுறை கால் பட்டால் மன்னிப்பு உண்டு, இரண்டாவது முறைக்குக் கிடையாது.

காலணி: 2024 நவம்பர் 1 முதல் ட்ராக் ஓட்டம் அனைத்துக்கும் அடிப்பாகத் தடிமன் அதிகபட்சம் 20 மில்லிமீட்டர். சாலை ஓட்டத்துக்கு வாங்கும் தடித்த ஷூக்கள் பல இதைத் தாண்டும். குறுவட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், தேசியப் போட்டியின் அழைப்பு அறையில் கேட்பார்கள். ஸ்பைக் ஆணி சிந்தெடிக்கில் 9 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, 6 போதும். புது ஸ்பைக்ஸைப் போட்டியன்று முதல்முறையாகப் போடக் கூடாது. மூன்று வாரம் முன்பிருந்து வியாழக்கிழமை 200-களில் கடைசி நாலை மட்டும் அதில் ஓடட்டும், கெண்டைக்கால் பழகும்.


இரும்புச்சத்து

நடுவர் சொன்னதோடு ஊக்கமருந்து விஷயத்தையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இது வேண்டுமென்றே செய்யாமலும் மாட்டும் இடம். மாநில அளவுக்கு மேல் போனால் சிறுநீர் மாதிரி கேட்கலாம், 16 வயதுக்கும் விதி ஒன்றுதான்.

இருமல் சிரப்: நம் மருந்துக்கடையில் கிடைக்கும் பல சிரப்களில் டெர்பூட்டலின் இருக்கிறது. அது எப்போதுமே தடை. பாட்டிலின் பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள். அடுத்து, காய்ச்சல் என்று போனால் சிறு கிளினிக்குகளில் உடனே போடும் ஊசியில் டெக்ஸாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் சேர்ந்திருக்கக்கூடும். போட்டிக் காலத்தில் அந்த ஊசியும் மாத்திரையும் தடை, உடம்பில் சில நாள் தங்கும். மூன்றாவது, சோர்வுக்கு ட்ரிப்ஸ் ஏற்றுவது. 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினால், உள்ளே இருப்பது வெறும் குளுக்கோஸ் என்றாலும் விதிமீறல். மருத்துவமனையில் உண்மையான சிகிச்சையாக ஏற்றினால்தான் விலக்கு, அதற்கும் சீட்டு வேண்டும். ஒரு பாட்டிலே 500 மில்லி.

ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் "போட்டியில் ஓடும் பிள்ளை" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டுகளை எல்லாம் ஒரு உறையில் போட்டு, ஆதார் நகலோடு போட்டிப் பையில் வையுங்கள். ஜிம்மில் விற்கும் புரோட்டீன் பொடி, சக்திப் பொடி எதுவும் வேண்டாம். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதற்கு லேபிள் உத்தரவாதம் இல்லை. முட்டையும் சுண்டலும் போதும்.

ஃபெரிட்டின் முடிவு வந்ததும் ஹீமோகுளோபின், எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) எண்களையும் சேர்த்து இங்கே போடுங்கள். அதற்குள் செவ்வாய், வியாழன் பயிற்சியைத் தொடங்க வேண்டாம்.